சுவருக்குள் ஒரு முதிரைப் பலகை

என் தம்பி இர்ஷாத் வேலை செய்யும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. பேசினால் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, நாங்கள் முடிக்கும்வரை சும்மா நிற்பான். கட்டாரில் அலுவலகக் கட்டடங்களுக்குள் ஜிப்சம் போட் அடித்து அறை பிரிப்பதுதான் அவன் தொழில். தகரச் சட்டங்களை நட்டு, இருபக்கமும் போட் அடித்து எழுப்புகிற சுவர். அவன் அடித்த சுவரில் மூட்டு எங்கே என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்; ஆனாலும் இதை யாரிடமும் சொல்வேன்.

எங்கள் வாப்பா அப்துல் கபூருக்கு நோன்பு மாதத்தில் வாதம் வந்து இடது பக்கம் தளர்ந்தது. காத்தான்குடியில் என் சீதன வீட்டில்தான் இருக்கிறார். ஹோலில் ஒரு மூலையைப் போட் சுவரால் மறித்து, அவருக்கு ஒரு பாத்ரூம் செய்வித்தோம். கட்டிய மேசன் பாஸ், கை கழுவும் பேசினையும் அந்தச் சுவரிலேயே மாட்டிவிட்டுப் போனார். முதல் வெள்ளிக்கிழமை வாப்பா அதில் முழங்கையை ஊன்றி, தொழுகைக்கு முந்திய வுழூவுக்குக் கால் கழுவ ஒரு காலைத் தூக்கி வைத்தார். பேசின் ஆடும் பல்லைப் போலச் சுவரைவிட்டுப் பெயர்ந்து வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதால் அவர் விழவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

லீவில் வந்திருந்த இர்ஷாத் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டான். மாவாகக் கொட்டியது.

"இது சுவரில்ல ராத்தா, பிஸ்கட். பிஸ்கட்டில ஆணி நிக்குமா?"

"கீழ ஒரு பைப்ப வெச்சி, கதிரையில இரிந்து கழுவட்டுமே" என்றேன்.

கட்டிலில் இருந்த வாப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. "இரிந்தா எழுப்பி விட ஆள் வேணும். நிண்டா ஒருத்தரும் வேணா."

இர்ஷாத் விரலில் ஒட்டிய மாவைத் துடைத்தான். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான். "வாப்பா தனிய நிண்டு வுழூச் செய்யட்டும். அதக் கண்டுட்டுத்தான் கட்டாருக்கு டிக்கட் போடுவன்."

போன முறை வந்தபோதே இனிப் போகமாட்டேன் என்றவன். போட் தூசி நெஞ்சில் இறங்கி, படியேறினால் இருமுகிறான். ஆனால் அவன் மூத்த மகளுக்குத்தான் வீடு முடிந்திருக்கிறது. இளையவளுக்கு அத்திவாரம் மட்டும்தான் கிடக்கிறது. வீடில்லாமல் மகளை எப்படிக் கட்டிக் கொடுப்பது?

மறுநாள் ஏறாவூரிலிருந்து, அவன் மனைவி ஸுஹைனாவின் வீட்டிலிருந்து, ஒரு முதிரைப் பலகையோடு வந்தான். இளையவளின் வீட்டு நிலைக்கென்று வாங்கி வைத்த கெட்டி மரம்.

"டைல்ஸ உடைக்க ஏலா. உங்கட ஹோல் பக்கத்தால வெட்டப்போறன்."

"பெருநாளைக்கு அடிச்ச பெயின்ட், தம்பி."

"தெரியும். நல்ல நிறம்."

முதலில் வாப்பாவைப் பேசினுக்கு முன்னால் நிற்க வைத்து, முழங்கை வரும் உயரத்தைப் பென்சிலால் குறித்தான். பிறகு காலைத் தூக்கச் சொல்லி, அது எட்டும் உயரத்தையும் பார்த்தான்.

"என்னடா, காற்சட்டை தைக்கவா அளக்கிற?" என்றார் வாப்பா.

"பேசினக் கை கழுவ எண்டுதான் செய்யிறானுகள் வாப்பா. எங்கட ஆக்கள் காலையும் ஏத்துவாங்க எண்டு அவனுகளுக்குத் தெரியாது. கட்டாரில லுஹர் தொழுகை நேரம் இப்பிடி எத்தின பேசின் கழண்டு வந்த தெரியுமா?"

ஹோல் பக்கத்துப் போட்டைத் திரும்பப் பொருத்தக்கூடிய ஒரே துண்டாக வெட்டி எடுத்தான். உள்ளே இருந்த தகரச் சட்டம் விரலால் அழுத்தினாலே நெளிந்தது. அதனால் இரண்டு சட்டங்களின் குழிக்குள்ளும் மரத்துண்டுகளை இறுக்கி வைத்தான். பிறகு முதிரைப் பலகையைக் குறுக்கே வைத்து, ரசமட்டம் பார்த்து, இரு முனையையும் அந்தத் துண்டுகளில் திருகாணியால் முடுக்கினான். நடுவில் இருமல் வந்து, வெட்டிய சுவரடியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். தேத்தண்ணி கொடுத்தேன். ஆறும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

பாத்ரூம் பக்கம் டைல்ஸில் தண்ணீர் விட்டுவிட்டு, மெதுவாகத் துளைத்து, போல்ட்டுகளைப் பலகைக்குள் ஆழமாக இறக்கினான். பேசினை மாட்டி, றப்பர் வாஷர் போட்டு, நட்டை இறுக்கினான். கடைசியில் ஸ்பேனர் சாவியை அரைச் சுற்றுக்கூடத் திருப்பவில்லை. "இதுக்கு மேல முறுக்கினா பீங்கான் வெடிக்கும்" என்றான். பின்விளிம்பில் சிலிக்கன் பூசிவிட்டு, நாளைவரை தண்ணீர் திறக்க வேண்டாம் என்றான்.

அடுத்த நாள் பேசினின் அடிவிளிம்பை ஒட்டி டைல்ஸில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தான். இரண்டு கையையும் பேசினில் ஊன்றி, கால்களை நிலத்திலிருந்து தூக்கிக்கொண்டு தொங்கினான். இறங்கிக் குனிந்து கோட்டைப் பார்த்தான். விளிம்பு கோட்டிலேயே நின்றது.

அஸர் தொழுகைக்கு வாப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் ஹோலில் நின்றோம். தண்ணீர் ஓடியது. கொப்பளித்தார், முகம் கழுவினார், கை கழுவினார். பிறகு ஒரு முனகல். காலைத் தூக்குகிறார் என்று தெரிந்தது. இர்ஷாத் இந்தப் பக்கத்துச் சுவரில், பலகை இருக்கிற இடத்தில், உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அசையுதா?"

"இல்ல ராத்தா."

தாடியில் தண்ணீர் சொட்ட வாப்பா வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"டிக்கட் போட்டியா?"

"இன்னும் இல்ல வாப்பா."

"போடு. பிள்ளைர அத்திவாரத்தில புல்லு முளைச்சிட்டு." சுவரைப் பிடித்துக்கொண்டு தொழப் போனார்.

வெட்டிய துண்டை இர்ஷாத் ஏற்கெனவே பொருத்தி, மூட்டில் பட்டி பூசியிருந்தான். அதைத் தேய்த்துவிட்டு முதல் கைப் பெயின்ட் அடித்தான். வாவிப் பக்கத்துக் காற்றில் அது சீக்கிரம் காய்ந்தது.

"நாளைக்கு ரெண்டாம் கை அடிச்சா முடிஞ்சிது."

நான் எட்ட நின்று பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"நிறம் ஒத்துவரல்ல தம்பி. அடுத்த நாள் மூணாம் கையும் அடிக்கோணும்."

அவன் சுவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். தூரிகையைத் தண்ணீருக்குள் வைத்தான்.

"ஓம் ராத்தா. அடிக்கோணும்தான்."