ஃபைல் தூக்கிய பதினோரு மாதம்

பிள்ளைக்கு என்ன என்று தெரிந்துகொள்ள ஃபைலோடு அலைவது சம்பளமில்லாத முழுநேர உத்தியோகம். அதில் இருக்கிற, இனி சேரப்போகிற பெற்றோர்களே, வாருங்கள். நாங்கள் ஆந்திராப் பக்கம் புத்தூர். வீட்டுக்காரருக்கு ஸ்ரீசிட்டியில் வேலை. எங்கள் ஏழு வயது ஹேமா சோறு வாயில் இருக்கும்போதே தெருவில் இருப்பாள். "டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கினு வாங்க, இல்லன்னா டி.சி.தான்" என்றது பள்ளி.

டி.வி. இல்லாத வீடு

பக்கத்துக் கிளினிக்கில் டாக்டர் நிமிராமலே, "டி.வி. ரொம்ப பாக்குதா?" என்றார். வீட்டில் டி.வி.யே இல்லை என்றேன். செல்போன்? என்னிடம் இருப்பது பட்டன் போன். அதற்குள் ஹேமா அவருடைய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நாற்காலிக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அதாம்மா விஷயம். பாவம், போரடிக்குது. ஒரு டி.வி. வாங்கிக் குடுங்க."

பூனைக்கு மார்க் இல்லை

அடுத்து திருப்பதியில், பிள்ளைகளின் பேச்சைச் சோதிக்கிற ஒரு சென்டர். அங்கே இருந்த மேடம் படம் படமாகக் காட்டிப் பெயர் கேட்டார். ஹேமாவுக்குத் தெலுங்கும் வரும். நான் பக்கத்தில் இருந்தால் தமிழ்தான் வாயில் வரும். பூனை, குடை, ஏணி என்று டக்டக்கென்று சொன்னாள். ரிப்போர்ட்டில் 'பேச்சு வளர்ச்சி குறைவு' என்று இருந்தது. எல்லாம் சரியாகத்தானே சொன்னாள் என்று கேட்டேன். மேடம் தெலுங்கில் சொன்ன பதில் இது:

"எனக்குப் புரிஞ்சாத்தானேம்மா அது பேச்சு?"

ஆடாமல் உட்காரவும்

அடுத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தேதி கிடைக்கவே நாலு மாதம். ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில் எங்களை மூணு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஹேமா வரிசையில் இருந்த எல்லார் செருப்பையும் ஜோடி மாற்றி வைத்தாள். டோக்கன் கொடுக்கிற அம்மா எழுந்து வந்து என்னிடம் கத்தினார்:

"இப்பிடி ஆடிக்கினு இருக்குற கொழந்தைய எதுக்கும்மா ஆஸ்பத்திரிக்கு இட்டாந்தே?"

படிவம்

உள்ளே இருந்த சைக்காலஜிஸ்ட் மட்டும் ஹேமாவோடு தரையில் உட்கார்ந்து பேசினார். எங்களிடம் ஒரு படிவம் கொடுத்தார். பொருள்களைத் தொலைப்பாளா, ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுவாளா, கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருப்பாளா? பக்கம் பக்கமாகக் கேள்வி. வீட்டுக்காரர் பாதியிலேயே பேனாவை மூடிவிட்டார். மகளைத் திட்டுவதில் வீட்டில் முதல் ஆள் அவர்தான். படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"இதுக்குத்தான்டி எங்க நைனா என்னிய பெல்ட்டால அடிச்சிக்கினு இருந்தாரு."

முதல் பெஞ்சு

ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் மிதமிஞ்சிய துறுதுறுப்பும் என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எங்காவது சாய்ந்து தூங்க வேண்டும்போல் இருந்தது. மறுநாள் பள்ளியில் ரிப்போர்ட்டைக் காட்டினேன். டி.சி. இல்லை என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். முதல் பெஞ்சு தருவதாகவும், நோட்டுகளைக் கொடுத்துவர வகுப்பு நடுவில் அவளை எழுந்து போகவிடுவதாகவும் ஒத்துக்கொண்டார். நன்றி சொல்லி எழுந்தேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பக்கத்துல ஒக்கார்ற பசங்களுக்கு இது தொத்திக்காதே?"

பதினோரு மாதம் அலைந்ததில், என் மகளுக்குக் கவனம் போதாது என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். மற்றவர்களுக்கு எழுதித் தர இன்னும் டாக்டர் கிடைக்கவில்லை.