இரண்டு சென்டிமீட்டர் பொய்

பதினொரு வருடமாக இயற்பியல் நடத்தும் என் அண்ணி, பள்ளி ஆய்வகத்தில் கழித்துப் போட்ட ஆறு மர அளவுகோல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் பூஜ்யம் தொடங்கும் நுனியில் இரண்டு சென்டிமீட்டரை அறுத்தார். நுனியருகே இருந்த எண்களை உப்புத்தாளால் தேய்த்து அழித்தார்.

“நல்லா இருக்கிற ஸ்கேலை ஏன் அறுக்குற?” என்றான் அண்ணன்.

“பொய் சொல்லப் பழக்குறேன்.”

“வீட்ல நான் ஒருத்தன் போதாதா?”

மறுநாள் வகுப்பில் ஊசல் சோதனை. நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, நீளத்தையும் நேரத்தையும் அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். அந்த அளவுகோல்களில் சரியான விடையான 9.8 வரவே வராது. ஆனால் முப்பத்தாறு ரெக்கார்டு நோட்டிலும் அச்சில் வார்த்ததுபோல 9.8. போன வருட நோட்டைப் பார்த்து முடிவை முதலில் எழுதிவிட்டு, அளவுகளை அதற்கேற்ப இட்டுக்கட்டுவது அங்கே வழக்கம்.

அண்ணி திட்டவில்லை. “மேஜை மேல ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது. எதுன்னு நீங்களே கண்டுபிடிங்க.”

“நாங்கதான் டீச்சர்!” என்றது கடைசி பெஞ்ச்.

மூன்று நாள் ஓடியது. தலைமையாசிரியர் கூப்பிட்டார். “செய்முறைத் தேர்வுக்கு மூணு வாரம்தான் இருக்கு. நீங்க துப்பறியுற வேலை பாக்குறீங்க. வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். பசங்க முழிச்சாங்கன்னா வகுப்பை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

மாணவர்கள் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் வகுப்பு தப்பித்திருக்கும். அண்ணி போடவில்லை. வீட்டில் மட்டும் யார் பேசினாலும் எரிந்து விழுந்தார்.

வெள்ளியன்று தலைமையாசிரியர் முன்னால் எழுந்தவள், ‘கேள்வி மூட்டை’ என்று எல்லோரும் கேலி செய்யும் பெண்.

“சார், வாட்சை மாத்தினோம், குண்டை மாத்தினோம், ஃபேனை நிறுத்தினோம். அப்பவும் விடை கூடுதலாத்தான் வந்துச்சு. நீள நூல்ல 10, குட்டை நூல்ல 10.9.”

“அதனால?”

“வாட்ச் மெதுவா ஓடுனா ரெண்டுலயும் ஒரே மாதிரிதானே தப்பணும்? நூல் குறையக் குறைய தப்பு பெருசாகுது. அப்போ நீளத்துல ஏதோ ஒரே அளவு சும்மா கூடிட்டே இருக்கு. கணக்குப் போட்டோம். ரெண்டு சென்டிமீட்டர்.”

தலைமையாசிரியர் புது அளவுகோல் ஒன்றை வரவழைத்துப் பக்கத்தில் வைத்தார். பழையது சரியாக இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. வெட்டிய நுனியை விரலால் தடவி அண்ணியைப் பார்த்தார்.

“சரி, ரெண்டைக் கழிச்சா என்ன வருது?”

“ஆறு மேஜைல 9.7, 9.9, 9.8, 9.6…”

“ஏன், எல்லாருக்கும் 9.8 வரலையா?”

“இந்த வாட்டி நெஜமாவே அளந்தோம் சார்.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அடுத்த பிரிவையும் நீங்களே எடுத்துக்கங்க டீச்சர். அறுக்குறதுக்கு முன்னாடி மட்டும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

வகுப்பு மேஜையைத் தட்டிய தட்டில் ஆறு ஊசல்களும் தாமாக ஆடின.