பிடித்த காலை விடாத கார்மேகம்

வளைகுடாவில், எங்கள் ரூவி நகரத்து ரக்பி லீக் கிளப்பை ஒன்பது வருஷத்துக்கு முன் தொடங்கியவர்கள் இரண்டு இங்கிலீஷ் வாத்தியார்கள். ஒருவர் ஊருக்குப் போனார், மற்றவர் கத்தாருக்கு மாறினார். ஆட வந்தவர்களும் வேலை மாறினால் கிளம்பிவிடுவார்கள். கடைசியில் செயலாளர் என்ற பெயரில் கிளப் என் தலையில் விழுந்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓட வேண்டும், எதிராளி கட்டிப்பிடித்து வீழ்த்துவான். பக்கத்துக்குப் பதிமூன்று பேர். இன்சூரன்ஸ் ஆபீஸில் தொப்பை வளர்க்கிற இந்த முரளிதரனுக்கு இதெல்லாம் தேவையா என்று என் மனைவி பிருந்தா கேட்காத நாளில்லை.

ஆள் பிடிக்க அலைந்தபோதுதான், சாரம் கட்டுகிறவர்களின் கேம்பில் பொங்கல் கபடி பார்த்தேன். சிவகங்கைப் பக்கத்துக் கார்மேகம், குள்ளமான ஆசாமி, ஆறடி ஆளைக் கணுக்காலில் பிடித்து உட்கார வைத்தான். அன்றே பேசி அழைத்து வந்துவிட்டேன். முதல் மேட்சில் பந்தோடு மூன்று பேரைத் தாண்டி ஓடியவன், எல்லைக்கோட்டுக்கு நாலடி இருக்கும்போது சட்டென்று திரும்பி, நடுக்கோட்டுக்கே ஓடி வந்துவிட்டான்!

"தொட்டுட்டுத் திரும்பணும்லண்ணே" என்றான்.

தலையிலடித்துக்கொண்டேன். அதையாவது திருத்தினேன். நடுவர் விடச் சொன்ன பிறகும் பிடித்த காலை விடாத கபடிப் புத்தியை நாலு வருஷமாகியும் திருத்த முடியவில்லை.

போன மாதம், வெள்ளிக்கிழமை மேட்சுக்குக் கூப்பிட்டபோது அவன் மாட்டேன் என்றான். கல்யாணம் முடிந்த இருபதாம் நாளே மனைவி பூவாயியை ஊரில் விட்டுவிட்டு டூட்டிக்குத் திரும்பியவன் அவன்.

"ஞாயித்துக்கெழம பிளைட்டுண்ணே. பூவாயிக்கு இது ஒம்பதாம் மாசம். ஆட்டத்துல எனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

"பன்னெண்டு பேர்தான்டா இருக்கோம். ஆள் குறைஞ்சா லீக்கிலிருந்தே தூக்கிடுவாங்க. ஒரே ஒரு மேட்ச், யல்லா, கிளம்பு!"

நான்தான் இழுத்துப் போனேன். பாவி நான்தான்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம். எதிரணியின் கிரெய்க் என்ற பள்ளிக்கூட வாத்தியார், மலை மாதிரி ஆள், பந்தோடு வந்தார். கார்மேகம் காலைப் பிடித்துச் சாய்த்தான். நடுவர் விடச் சொன்னார். கிரெய்க் எழுந்து நகரப் பார்த்தார். அவர் கால் இன்னும் இவன் பிடியில். தலைகுப்புற விழுந்தவர் அப்புறம் அசையவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. காயம்பட்டவர் விழித்து வாக்குமூலம் தரட்டும் என்று கார்மேகத்தின் பத்தாக்காவை வாங்கி வைத்துக்கொண்டார் போலீஸ்காரர். அந்த அடையாள அட்டை இல்லாமல் விமான நிலையத்துப் பக்கமே போக முடியாது.

"கேஸு போட்டா நாட்ட விட்டே போக விட மாட்டாகளாமேண்ணே?"

"விடுன்னா விடத் தெரியாதா, சனியனே!" என்று கத்தினேன். நீதானே கூட்டி வந்தாய் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காததுதான் என்னைக் கொன்றது.

இரண்டு மணி நேரம் கழித்துக் கிரெய்க் கண் விழித்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். போலீஸ்காரர் கட்டிலருகே போய், இவர்மேல் புகார் உண்டா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"புகார் உண்டு" என்றார் கிரெய்க்.

போலீஸ்காரர் நோட்டைப் பிரித்தார்.

"நடுவர்மேல். காலை விடாததற்கு எங்களுக்கு ஒரு பெனால்டி வர வேண்டும். கொடுக்கவே இல்லை அந்த ஆள்!"

போலீஸ்காரர் நோட்டை மூடி, "கலாஸ்" என்று விஷயம் முடிந்ததாகச் சொல்லிப் பத்தாக்காவை நீட்டினார். கார்மேகத்துக்கு இங்கிலீஷ் புரியாது. வாங்கப் பயந்து என் முகத்தையே பார்த்தான்.

"என்னண்ணே சொல்றாரு?"

"ஊருக்குப் போய்ச் சேருடாங்கிறாரு!"

அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். பூவாயிக்குப் போட வேண்டும் என்று போனை எடுத்து என்னிடம் நீட்டினான். நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

"ஞாயித்துக்கெழம வந்துர்றேன் புள்ள" என்றான்.

"அதான் நேத்தே சொன்னீகளே" என்றாள் பூவாயி. "இதச் சொல்லவா போன் போட்டீக?"