அண்ணைக்காக நான் வாய் திறந்த நாள்

தொண்ணூறுகளில், ரைன் கரையோர நகரமொன்றின் ஒப்பரா அரங்கில், பாடகர்களுக்கு உடுப்பு மாட்டிவிடுவது என் வேலை. அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவிக் கை வெடித்தவனுக்கு அது சொர்க்கம்.

என் பொறுப்பில் இருந்தவர் பல்கேரியாவிலிருந்து வந்த ஒரு பாடகர். மிகத் தாழ்ந்த ஆண்குரல், பாஸ் என்பார்கள். அந்தக் குரல் வாய்த்தவனுக்கு மேடையில் இளமையே கிடையாது. இருபத்தைந்து வயதிலேயே தாடியை ஒட்டி அரசனாக்குவார்கள், மதகுருவாக்குவார்கள், கதாநாயகியின் அப்பனாக்குவார்கள். “நான் ஒருத்தியையும் காதலிச்சுப் பாடினதில்லை, சாபம் போட்டதுதான்” என்பார். எங்கள் பேச்செல்லாம் ஜேர்மன் மொழியில்தான். ஆனாலும் அவரை நான் அண்ணை என்றே கூப்பிட்டேன்.

பாடுகிற நாளில் அண்ணை ஒரு சொல்லும் பேசமாட்டார். மேடை ஏறும்வரை எல்லாம் கைப்பாஷை. தண்ணீர் வேண்டும், கழுத்துப்பட்டி இறுக்குகிறது, கதவைச் சாத்து, எல்லாம் எனக்கு அத்துப்படி.

ஜேர்மன் அரங்குகளில் ஒரு நடைமுறை உண்டு. ஒரே இடத்தில் பதினைந்து வருடம் பாடியவரைப் பிறகு நிறுத்த முடியாது. ஆகவே அதற்கு முந்திய வருடமே அனுப்பிவிடுவார்கள். அனுப்புமுன் ஆளைக் கூப்பிட்டு அவர் பக்கத்தையும் கேட்கவேண்டும். அண்ணைக்கு அந்த வருடம் வந்தது. ஐம்பது தாண்டியவரை இனி யார் எடுப்பார்கள்? அந்தச் சந்திப்புக்கு டெர்மின், அதாவது நேரம், கொடுத்ததோ அவர் பாடுகிற நாளின் காலையில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல்நாளே சொன்னேன்: “அண்ணை, நாளைக்கு மட்டும் வாய் திறவுங்கோ. குடியா மூழ்கப்போகுது?”

“ஏலாது. நீ வா. என்ரை கை உனக்குத்தான் விளங்கும்.”

என் அகதி விசாரணையில் எனக்காக வேறொருவர் ஜேர்மன் பேசினார். இப்போது என் ஓட்டை ஜேர்மனில் ஒரு பல்கேரியருக்காக நான் பேசப்போனேன். கூத்தைப் பாருங்கள்.

அரங்கின் நிர்வாகி மரியாதையாகத்தான் கேட்டார், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று. அண்ணை தன் தொண்டையைத் தொட்டார், நிர்வாகியைச் சுட்டினார், தன் காதைத் தொட்டார்.

“இண்டைக்கு வந்து கேளுங்கோ எண்டுறார்” என்றேன். அதோடு நிற்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் காய்ச்சலோடும் வந்து பாடியவர், மகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள் என்று என் பங்குக்கும் அவிழ்த்துவிட்டேன். அண்ணை மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

அன்று மாலை நிர்வாகி வந்து முன்வரிசையில் இருந்தார். அண்ணை பாடிய பாட்டில், திரைக்குப் பின்னால் சால்வையோடு நின்ற எனக்கு மயிர் கூச்செறிந்தது. காலையிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டினார். இனி இவரை அனுப்பமாட்டார்கள் என்று நம்பிவிட்டேன், மடையன்.

முடிந்ததும் நிர்வாகி உடைமாற்றும் அறைக்கே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இப்படியொரு குரலைக் கேட்டதேயில்லை என்றார். பிறகு, முடிவில் மாற்றமில்லை, மன்னிக்கவேண்டும், இது குரலைப் பற்றிய விஷயமே அல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணை கதிரையில் இருந்தார். நான் தாடியை மெல்ல உரித்தெடுத்தேன்.

“நான் காலமை கதைச்சிருந்தால்?” என்று கேட்டார்.

“கதைச்சிருந்தாலும் இதுதான், அண்ணை.”

தாடி உரிந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார்.

“அப்ப, பாடினது என்னத்துக்கு?”

நான் தாடியை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.