ஓடும் டிராமிலிருந்து ஒரு கொலைகாரி

கல்கத்தாவின் டாலிகஞ்சில் குடியிருந்த கோமதிக்கு ஐம்பத்தொரு வயது. அலிப்பூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். பகலெல்லாம் பிறர் செய்த குற்றங்களைத் தட்டச்சு செய்தவள், 1974-ல் சொந்தமாக ஒரு கொலையை எழுதினாள். அதுதான் அவளுடைய முதல் துப்பறியும் நாவல். அதில் கொலை செய்தவள் ஐம்பது வயதுப் பெண். ஓடும் டிராமிலிருந்து இறங்கித் தப்பிவிடுவாள்.

சென்னைப் பதிப்பாளர் பட்டாபி கடிதம் போட்டார். "இந்த வயதில் ஒரு பெண் ஓடும் டிராமிலிருந்து இறங்குவதை யாரும் நம்ப மாட்டார்கள். கொலையாளியை வாலிபனாக்குங்கள்."

கோமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிராமே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இவர் எனக்கு டிராமைப் பற்றிச் சொல்வதா? இருபது வருஷமாக அவள் ஆபீசுக்கு இறங்குவதே அப்படித்தான். ஒரு வரியைக்கூட அவள் மாற்றவில்லை.

பூஜை விடுமுறைக்கு பட்டாபி கல்கத்தா வந்தார். பேசிக்கொண்டே போகலாமென்று கோமதி அவரை டிராமில் ஏற்றினாள். ஒரு வளைவில் வண்டியின் வேகம் குறைந்தது.

"வரேன் சார்."

கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வண்டி போகும் திசையிலேயே காலை வைத்து இறங்கி நடந்தாள். பட்டாபி கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி அடுத்த ஸ்டாப் வரை போனார்.

வேர்த்து விறுவிறுத்து அவர் திரும்பி வந்தபோது, அவள் தெருவோரக் கடையில் மண்குவளையைக் காலி செய்திருந்தாள்.

"தப்பிச்சு வந்து டீயும் குடிச்சாச்சு. இன்னமும் வாலிபன்தான் வேணுமா சார்?"

"வேண்டாம்மா," என்றார் பட்டாபி மூச்சிரைக்க.

பொங்கலுக்குப் புத்தகம் வந்தது. அச்சுக்குப் போகுமுன் கோமதி ஒரே ஒரு திருத்தம் செய்திருந்தாள். கொலைகாரிக்கு இப்போது வயது அறுபது.