நடுத்துண்டு

அம்மாவைப் பார்க்க மாரிகுப்பத்தில் ரயிலை விட்டு இறங்கி நடந்தேன். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் திரும்பியதும் மீன் வறுக்கும் வாசனை. மூன்றாம் வகுப்பு படித்த காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று அப்படியே எழுந்து வந்தது.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. ஞாயிறானால் பேத்தமங்களா ஏரி மீன் வாங்கிவருவார். அம்மா பூண்டும் மிளகாயும் அரைத்துத் தடவி வறுப்பாள். துண்டுகள் அப்பாவுக்கும் அண்ணன்களுக்கும் போகும். அம்மாவுக்குக் கல்லில் ஒட்டிய தூள்தான்.

அந்த வாரம் குழாயடியில் அம்மா மயங்கி விழுந்திருந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர். ஞாயிறன்று யாரும் உட்காருவதற்கு முன்பே, பெரிய நடுத்துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, சூடான சோற்றோடு சாப்பிட ஆரம்பித்தாள்.

எங்களோடு இருந்த அப்பாவின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “இன்னாடி இது? ஆம்பளைங்க இன்னும் கையே கழுவல.”

“பசிக்குதுக்கா, துண்றேன்.”

“ஆமா, நீ படுத்துட்டா யாரு வடிச்சுக் கொட்றது? துண்ணு, துண்ணு.”

“வடிச்சுக் கொட்றதுக்காகத் துண்ணல. எனக்கு மீனு புடிக்கும். அதான் துண்றேன்.”

அப்பா உள்ளே வந்தார். அம்மா எழவில்லை. “அடுப்பாண்ட இருக்குது, போட்டுக்கோங்க” என்றாள். அப்பா அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு முணுமுணுத்தபடி தானே தட்டை எடுத்தார். அம்மா நிதானமாக முள்ளை எடுத்துவிட்டு அடுத்த வாயை வைத்தாள்.

இன்று கதவைத் தள்ளினேன். அம்மா பாதி சாப்பிட்டிருந்தாள்.

“எனக்காகக் கொஞ்சம் காத்திருக்கக்கூடாதாம்மா?”

“ரயிலு லேட்டுன்னா நான் ஏன் ஆறிப்போனதைத் துண்ணணும்?” என்றாள், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.