மீனுக்குப் போகிறவளை எங்கே என்று கேட்கக்கூடாது

எங்கள் வீட்டில் பகலில் சத்தம் போடக்கூடாது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் நான் மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எப்போதும் நைட் ஷிப்டு. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டி வீட்டையே இருட்டாக்கிவிடுவார். தட்டு கீழே விழக்கூடாது, அம்மியில் கை வைக்கக்கூடாது, தும்மல் வந்தால்கூடத் தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வரவேண்டும்.

மண்ணூருக்கு நாங்கள் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு அங்கே ஒருத்தரையும் தெரியாது. வீட்டுக்காரம்மா எதிரே பார்த்தால் தலையை ஆட்டுவாள், அத்தோடு சரி. அப்பாவிடம் பேசலாமென்றால் அவர் தூங்குகிறார். எழுந்தால் பஸ்ஸுக்கு ஓடுகிறார். என்ன செய்வாள் பாவம், துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனாள்.

துவைக்கத்தான் போனாள். ஆனால் மணிமங்கலத்தில் ஏரித்தண்ணீரில் விளையாடி வளர்ந்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு பால்பவுடர் டப்பாவில் தூண்டில் முள்ளும் நரம்பும் வைத்திருந்தாள். கரையில் ஈரமண்ணைக் கிளறிப் புழு எடுத்து, முள்ளில் கோர்த்துத் தண்ணீரில் வீசிவிட்டு, நரம்பின் இந்த முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வாள். அப்புறம் நிதானமாகத் துவைப்பாள். விரல் வெடுக்கென்று இழுபடும். சோப்பு நுரைக் கையோடு அவள் நரம்பை இழுக்க, குரவை மீனோ ஜிலேபிக் கெண்டையோ துள்ளிக்கொண்டு வரும்.

சனி ஞாயிறுகளில் நானும் போவேன். மீனை வீட்டில் பொரித்தால் சத்தத்தில் அப்பா எழுந்துவிடுவார் என்று எங்கள் மத்தியானச் சாப்பாடே கரையில்தான். முந்தானை முடிச்சில் உப்பு வரும். காய்ந்த பனையோலையில் நெருப்புப் பற்றவைத்து, வேலிகாத்தான் சுள்ளியைத் தணலாக்கி, பூவரச இலையில் மீனைப் பொதிந்து உள்ளே தள்ளுவாள். துணி புதர்மேல் காயும். வீட்டில் வாயே திறக்காத அம்மா அங்கே பேசிக்கொண்டே இருப்பாள். பாதி எனக்கு விளங்காது. ஆனால் 'ம்' கொட்டுவதை நிறுத்தினால் கோபித்துக்கொள்வாள்.

ஒருநாள் அப்பா கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாகக் கத்தினார். சூப்பர்வைசர் ஏரிப் பக்கம் வந்தபோது அம்மாவைப் பார்த்துவிட்டாராம்.

"கால்ல தூண்டி கட்டிகினு குந்தினு கீறாளாம் உன் சம்சாரம்னு லைன்ல எல்லாரும் சிரிக்கிறானுங்க. இனிமே அந்தப் பக்கம் போனே, பாத்துக்க!"

"வூட்ல பேசறதுக்கு ஒரு ஆளு இருந்தா நா ஏன் ஏரில குந்தறேன்?"

"நா தூங்க வாணாமா?"

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பல நாள் பேசவில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு காலை. அப்பா ஷிப்டு முடித்து வந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் பையை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஒயர் கூடையோடு வாசற்படியில் வந்து நின்றாள். கூடையில் மேலாக அந்த டப்பா தெரிந்தது. கட்டியிருந்ததோ கோயிலுக்குக் கட்டுகிற புடவை. மீன் பிடிக்கவா இந்தப் புடவை என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். மீனுக்குப் போகிறவர்களை எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்டால் அன்றைக்கு ஒரு பொடிமீன்கூட மாட்டாது. இது அம்மாவே சொன்னது. முன்பு ஒருமுறை கேட்டுத் தொலைத்து முதுகில் ஒன்று வாங்கியுமிருக்கிறேன்.

அம்மா கிளம்பவில்லை. கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்த தலை நிமிராமல் அடுத்த ஷூவை அவிழ்த்தார். அவரும் கேட்கவில்லை. பரவாயில்லையே, அப்பாவுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா படியிறங்கிப் போனாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அழுக்குத்துணி மூட்டை மூலையில் அப்படியே கிடந்தது. அம்மாவைக் காணோம். ஏரிக்கு ஓடினேன். துவைக்கிற கல் காய்ந்துபோயிருந்தது. திரும்பி ஓடிவந்து, பிறந்ததிலிருந்து செய்யாத காரியமாக, தூங்குகிற அப்பாவைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் லுங்கியோடு, சட்டைகூடப் போடாமல் ஓடினார். எங்களைத் தும்மக்கூட விடாத மனிதர், ஏரியே அதிரும்படி அம்மா பெயரைச் சொல்லிக் கத்தினார். தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கிவிட்டார். ஆடு மேய்க்கிற அம்மாள் ஒருத்தி அந்தப் பக்கமாக வந்தாள்.

"யாரு, டப்பா வெச்சிகினு குந்தினு இருக்குமே, அந்தப் பொண்ணா? அது காலைலயே தாம்பரம் பஸ்ஸு ஏறிடுச்சே!"

அது மணிமங்கலம் வழியாகப் போகிற பஸ். அப்பா கரையேறி வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் மூச்சு வாங்கியது. மூச்சு சீரானதும் கோபம் வந்துவிட்டது. "போனவளுக்கு வரத் தெரியும்" என்றார்.

தெரியவில்லை. நாலைந்து நாளாயிற்று. ராத்திரி வீட்டுக்காரம்மா வீட்டில் படுத்துக்கொண்டேன். அவள் நல்லவள்தான், ஆனால் என்னிடம் பேச அவளுக்கும் ஒன்றுமில்லை. என்னை ஏன் அம்மா கூட்டிப்போகவில்லை? பள்ளிக்கூட நாள் என்பதால் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். கேட்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஏரிக்குப் போனேன். தூண்டில் டப்பா அம்மாவோடு போய்விட்டதே. ஒரு தையல் நூலை எடுத்துக் கட்டைவிரலில் கட்டி, மறுமுனையைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கல்மேல் உட்கார்ந்திருந்தேன். முள்ளில்லாத நூலில் எதுவும் மாட்டாதென்று எனக்கும் தெரியும். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகை வந்தது.

தூக்கம் வராமலோ என்னவோ அப்பா தேடிக்கொண்டு வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று பார்த்தேன். நூலைப் பார்த்தார்.

"உங்கம்மா எங்க குந்துவா?"

"இதே கல்லுதான்."

"நீ ஸ்கூலுக்குப் போய்ட்டா, யார்கூடப் பேசுவா?"

"யார்கூடயும் இல்ல."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆளில்லாத அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து என் விரலிலிருந்து நூலை அவிழ்த்தார். "கெளம்பு" என்றார்.

மணிமங்கலத்தில் மாமா வீட்டு வாசலில் நாங்கள் போய் நின்றபோது அம்மா பாத்திரம் தேய்த்த கையோடு வந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். பாராட்டு வாங்கவேண்டிய விஷயம் ஒன்று மனதில் இருந்தது. அதை முதலில் சொல்லிவிட்டேன்.

"நீ போகசொல்ல நா எங்கன்னு கேக்கவே இல்லியே! அப்பா கூட கேக்கல, தெரியுமா?"

அம்மா என்னை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா செருப்பைக் கழற்றவும் தோன்றாமல் நின்றார். இத்தனைக்கும் நான் அவருக்கும் சேர்த்துத்தான் நல்ல பெயர் வாங்கித் தந்திருந்தேன்.

"வூட்டுக்கு வாமே" என்றார் அப்பா. "என்னால அந்த வூட்ல தூங்க முடியல."

அன்றைக்கே வந்துவிட்டோம். நைட் ஷிப்டு மாறவில்லை, ஜன்னல் போர்வையும் மாறவில்லை. அம்மா மறுபடி ஏரிக்குப் போனாள். ஆனால் அப்பாவுக்குப் புதிதாக ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. அம்மா மூட்டையும் கூடையுமாகப் படியில் கால் வைத்ததும், பாயில் படுத்திருப்பவர் தலையைத் தூக்குவார்.

"எங்கமே போறே?"

"ஏரிக்கு."

"எப்போ வருவே?"

"துணி காஞ்சதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டுமென்றே மீனை விரட்டுகிறாரே! என் முதுகில் வைத்த அம்மா, அவரை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். சில நாள் அவர் அசதியில் கேட்க மறந்து கிடப்பார். அப்போதும் அம்மா இறங்கமாட்டாள். டப்பாவைக் கூடைக்குள் இப்படித் திருப்பி வைப்பாள், அப்படித் திருப்பி வைப்பாள்.

"வாம்மா, அவரு கேக்கறதுக்குள்ள ஓடிடலாம்" என்று நான் கையைப் பிடித்து இழுப்பேன்.

"இருடி, இன்னா அவசரம்" என்பாள்.